முதலில் செய்தது யார்?

(ஃபேரர் பார்க்கில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கி வந்தவர்களில் பலர், காதில் பாட்டோடு வந்திருப்பீர்கள். அந்தப் பாட்டை எப்படித் தேடினீர்கள்? முதலில் பாடகர், அடுத்து ஆல்பம், அதற்குள் பாட்டு. கையடக்கக் கருவியில் இந்த வரிசையைக் கொண்டுவந்தது யார் என்றால், நம்மில் பெரும்பாலோர் 'ஆப்பிள்' என்போம். ஆனால் இதற்காக ஆப்பிள் ஒரு சிங்கப்பூர் நிறுவனத்துக்கு 100 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்கு முன் ஒரு பழைய வழக்கு. சுட்டியால் படங்களைச் சொடுக்கிக் கணினியை இயக்கும் முறையை, 1984ல் மெக்கின்டாஷ் மூலம் ஆப்பிள் பிரபலமாக்கியது. ஆனால் சுட்டியை டக்ளஸ் எங்கல்பார்ட் 1968லேயே மேடையில் இயக்கிக் காட்டிவிட்டார். ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1973ல் ஆல்ட்டோ என்ற கணினி உருவானது. அந்த ஆய்வகத்தை ஸ்டீவ் ஜாப்ஸ் 1979ல் போய்ப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை, ஆப்பிள் பங்குகளை வாங்க ஸெராக்ஸுக்கு வாய்ப்புக் கொடுத்துவிட்டுத்தான் பார்த்தார்.

அதே ஆப்பிள், தன் திரையைப் பார்த்துச் செய்துவிட்டதாக 1988ல் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு ஸெராக்ஸ் ஆப்பிள் மீது வழக்குத் தொடுத்தது. ஸெராக்ஸ் வழக்கின் பெரும்பகுதி 1990ல் தள்ளுபடியானது. ஆப்பிளும் மைக்ரோசாஃப்டிடம் தோற்றது. இரண்டிலும் பதிப்புரிமையே முக்கிய வாதம். திரையின் தோற்றத்துக்கு அது பெரிய காவலாக நிற்கவில்லை.

இனி நம் ஊர்க் கதை. 1981ல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறிய கணினிக் கடை. தொடங்கியவர்களில் ஒருவர், நீ ஆனில் படித்த சிம் வோங் ஹூ. அதுதான் கிரியேட்டிவ் டெக்னாலஜி. 1989ல் 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டை மூலம் உலகெங்கும் கணினிகளைப் பாட வைத்த நிறுவனம். 2000ல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை அடக்கும் 'நோமட் ஜூக்பாக்ஸ்' கருவியை வெளியிட்டது. அத்தனை பாட்டில் ஒன்றைத் தேடி எடுக்கும் படிப்படியான பட்டியல் முறைக்கு, 2001 ஜனவரி 5ல் அமெரிக்காவில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. ஐபாட் வந்தது அதே ஆண்டு அக்டோபரில்!

காப்புரிமை 2005ல் கிடைத்தது. 2006 மே மாதம் கிரியேட்டிவ் வழக்குத் தொடுத்தது. ஆப்பிளும் எதிர்வழக்குகள் போட்டது. ஆகஸ்டில் சமரசம். இவ்வளவு முன்கூட்டியே காப்புரிமை பெற்றது கிரியேட்டிவின் அதிர்ஷ்டம் என்ற பொருளில் ஜாப்ஸ் பேசினார். அது வெறும் அதிர்ஷ்டமா? நேரத்தோடு விண்ணப்பம் போட்டதன் பலன் இல்லையா?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாடகர், ஆல்பம் என்று அடுக்குவது எவருக்கும் தோன்றக்கூடியதுதானே என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. சமரசமாகிவிட்டதால் நீதிமன்றம் அதற்குத் தீர்ப்புச் சொல்லவே இல்லை. சந்தையை வென்றதும் ஐபாட்தான். பணம் கிரியேட்டிவுக்கு வந்தது; வாங்குபவர்கள் திரும்பி வரவில்லை. சிம் 2023ல் மறைந்தார்.

இங்கே தொழிற்கல்லூரி மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் செயலியை முதலீட்டாளருக்குக் காட்டுமுன், தேதியிட்டு எழுதி வையுங்கள். பதிவு செய்ய முடிந்ததைப் பதிவு செய்யுங்கள். யாருக்கு முதலில் தோன்றியது என்ற சண்டை என்றும் தீராது. தாளில் ஏறாத யோசனை ஊமை கண்ட கனவு. கண்டவருக்கு மட்டுமே அது தெரியும். வழக்குமன்றத்தில் அதற்குச் சாட்சி கிடையாது.