ஒளி புகும் பீங்கான்



எண்ணெய்ப் பலகாரம் பொதிந்த கடதாசியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் ஊறிய இடம் ஒளியைக் கசியவிடும். ஏனைய இடம் வெண்மையாகவே இருக்கும். கடதாசியின் பொருள் மாறிவிட்டதா? இல்லை. நார்களுக்கிடையே இருந்த காற்றின் இடத்தை எண்ணெய் பற்றிக்கொண்டது, அவ்வளவே. நாரிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து நாருக்கும் மாறிமாறிச் செல்லும் ஒளி, ஒவ்வோர் எல்லையிலும் சிதறுகின்றது. அச்சிதறலையே நாம் வெண்மை என்கின்றோம்.

பீங்கானின் நிலையும் இதுவே. பல்வகைப் பொருள்களின் நுண்மணிகளும் காற்றுத் துளைகளும் அதனுள் நெருங்கிக் கிடக்கின்றன. ஆகவே, அதனை ஒளிபுகாப் பொருள் என்று வகுத்து மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். அவ்வகுப்பு மாறாததன்று என்பதை ஓர் ஆய்வின் வரலாறு காட்டுகின்றது.

1960ஆம் ஆண்டிலே தியோடர் மேமன் என்னும் அமெரிக்கர் செயற்கை மாணிக்கக் கோலொன்றைக் கொண்டு முதலாவது லேசர் ஒளியைப் பிறப்பித்தார். பின்னர், இத்திரியமும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த 'யாக்' என்னும் படிகம் பெரிதும் பயன்பட்டது. கோமேதகத்தின் படிக அமைப்பே இதற்கும் உண்டு. இது ஏறத்தாழ 1,970 பாகை செல்சியசில் உருகும். அவ்வுருகலிலிருந்து ஒற்றைப் படிகத்தை மெல்ல மெல்ல இழுத்து வளர்க்க வாரக்கணக்கிற் காலம் செல்லும், பருமனுக்கும் எல்லையுண்டு.

குயவர் மண்ணைப் பிசைந்து சுடுவது போல, ஒட்சைட்டுத் தூளை அழுத்திச் சுட்டு இதனை ஆக்க முடியாதா? 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இராபர்ட் கோபிள் ஒரு வழி கண்டிருந்தார். அலுமினியம் ஒட்சைட்டுத் தூளுடன் மிகச் சிறிதளவு மகனீசியம் ஒட்சைட்டைச் சேர்த்துச் சுட்டபோது, மணிகள் அளவுமீறி வளராது நின்றன. துளைகளும் மணிகளுக்குள் அகப்படாது மறைந்தன. அப்பொருளாலாகிய குழாய்கள் சோடியம் விளக்குகளில் இடம்பெற்றுப் பல நகரங்களின் வீதிகளை ஒளிரச் செய்தன. ஆயினும், அப்படிகம் ஒளியைத் திசைக்கொருவாறு முறிப்பதனால், அது பால்போன்று கசியவிட்டதேயன்றித் தெளிவாக விடவில்லை. யாக்கோ எத்திசையிலும் ஒளியை ஒரேவாறு முறிப்பது. எனவே, துளைகளும் மாசுகளும் அகன்றால் மணிகளின் எல்லைகள் ஒளிக்குத் தடையாகா.

ஆனால் லேசருக்கு வேண்டிய தெளிவு கடுமையானது. சாளரக் கண்ணாடியை ஒளி ஒருமுறை கடந்தாற் போதும். லேசரிலோ இரு ஆடிகளுக்கிடையே அது பலமுறை சென்று மீள்கின்றது. ஒவ்வொரு முறையும் துளைகள் சிறிது ஒளியைத் திருடினால் லேசர் பிறவாது. ஆகவே, பீங்கான் இதற்குத் தகாதென்றே பலர் நெடுங்காலம் கருதினர்.

1995ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் அக்கியோ இக்கேசுவேயும் அவர்தம் குழுவினரும் அக்கருத்தை மாற்றினர். மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினும் நுண்ணிய, தூய ஒட்சைட்டுத் தூள்களை, சிறிதளவு நியோடிமியத்துடன் மதுசாரத்தில் நெடுநேரம் அரைத்துக் கலந்தனர். நுண்தூள் எளிதில் இறுகும். ஆயினும் கட்டிபட்டால் அவ்விடத்தே வெளி எஞ்சும். கலவையை உலர்த்தி, எப்பக்கமும் சமமாக அழுத்தி, 1,700 பாகை செல்சியசுக்கு மேல் வெற்றிடத்திற் சுட்டனர். வாயு அகப்படாமையால் துளைகள் மூடிக்கொண்டன. விளைந்த பீங்கான், ஒற்றைப் படிகத்துக்கு இணையாக லேசர் ஒளியைத் தந்தது. பின்னர் பத்துச் சதமமீற்றர் சதுரப் பலகைகளும் ஆக்கப்பட்டன. இன்றைய சிறந்த பீங்கான்களில் துளைகள் பத்து இலட்சத்தில் ஒருசில பங்கினுள் அடங்கும்.

நேயர்களே, ஒளியை மறைத்தது பொருளின் இயல்பன்று. அதனுள் எஞ்சியிருந்த காற்றே. இயற்கையின் எல்லையென்று எண்ணியது நம் கைவினையின் எல்லையாகவே இருந்தது. இனி, ஒளிபுகாப் பொருள்களின் பட்டியலைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், "ஏன் புகவில்லை?" என்னும் வினாவையும் அதன் கீழே எழுதிவிடுவது நன்று.