ஊரிலிருந்து வந்த பெற்றோரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கற்றறிந்த சான்றோர் பலர் பேசிய இம்மேடையில், இருப்புப்பாதை அலுவலகத்து எழுத்தன் ஒருவன் என்ன சொல்ல இயலும்? இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. என் இல்லத்தில் நடந்ததொன்றைச் சொல்கிறேன். இங்குள்ள பலர் இல்லத்திலும் அது நடந்திருக்கக்கூடும்.

அயல்நாட்டிலுள்ள மக்களிடம் சென்று ஆறு திங்கள் தங்கித் திரும்பும் பெற்றோரை இன்று ஊர்தோறும் காண்கிறோம். அவர்கள் நயாகரா அருவியையும் இலண்டன் பாலத்தையும் பற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நம்முடைய பெற்றோருக்கு மும்பையே அயல்நாடு. மொழி வேறு, உணவு வேறு; கதவைத் திறந்தால் கண்ணில் படுவது இன்னொரு கதவு.

சென்ற ஆண்டு பிசான அறுவடை முடிந்ததும், திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து என் பெற்றோர் முதன்முறையாக மும்பைக்கு வந்தனர். மூன்று திங்கள் தங்குவதாக ஏற்பாடு. செம்பூரில் எங்களுக்கு ஓர் அறையும் சமையற்கட்டும் உண்டு. நான் காலை எட்டு மணிக்குச் சென்றால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவேன். பதினைந்தாம் நாள் தந்தையார், "ஏ ஐயா, எனக்கு ஊருக்கு ஒரு சீட்டு எடுத்துக் கொடு. சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?" என்றார். ஊர் ஊராகப் பிறருக்குச் சீட்டுக் கொடுக்கும் துறையில் இருப்பவன் நான். அன்று அச்சொல் என்னைச் சுட்டது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பொறுக்குமாறு வேண்டிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு சத்திரபதி சிவாஜி மகாராஜ் நிலையத்துக்குச் சென்றோம். 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் நம் நாட்டின் முதற் பயணிகள் வண்டி, இப்பகுதியிலிருந்த போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடிற்று. இன்றுள்ள மாளிகை ஸ்டீவன்ஸ் என்னும் சிற்பியின் திட்டப்படி 1878-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் எழுந்தது; 2004-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. வாயில் தூண்களின்மேல் ஒருபுறம் சிங்கமும் மறுபுறம் புலியும் அமர்ந்திருக்கின்றன. சிங்கம் பிரிட்டனையும் புலி இந்தியாவையும் குறிப்பன. இதை நான் அறிந்துகொண்டது, "அது என்ன தாத்தா?" என்று என் மகன் தந்தையாரைக் கேட்க, அவர் என்னைக் கேட்டபோதுதான்! நாள்தோறும் அதைக் கடந்து செல்பவன், ஒரு நாளும் தலை நிமிர்ந்து பார்த்தேனில்லை.

இரண்டாம் ஞாயிறு எலிபண்டா. இந்தியாவின் நுழைவாயிலருகே படகேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். கரையிலிருந்து குகைக்குச் செல்ல நூற்றுக்கு மேற்பட்ட படிகள் உண்டு. முதியோரை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்வோர் அங்கிருக்கின்றனர். "என்னை நாலு பேர் தூக்குகிற காலம் இன்னும் வரவில்லை" என்று சொல்லி என் தாயார் பத்துப் படிக்கொரு முறை அமர்ந்து ஏறிவிட்டார். உள்ளே ஏறத்தாழ 20 அடி உயரத்தில் மும்முகச் சதாசிவ வடிவம் இருக்கிறது. கி.பி. 6-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். பல சிற்பங்கள் கையிழந்தும் காலிழந்தும் நிற்கின்றன. எனினும் கயிலையைப் பெயர்க்கும் இராவணனையும் ஆடவல்லானையும் என் தாயார் எவரும் சொல்லாமலே அடையாளம் கண்டார். சிவபெருமான் திருமணக் காட்சியின் முன் நின்று, "பொண்ணு எப்படிக் கூச்சப்படுகிறாள், பார்!" என்று தம் மருமகளுக்குக் காட்டினார். மொழி தெரியாத ஊரில் அவருக்குத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

அத்தீவின் பழம்பெயர் காராபுரி. அங்கிருந்த ஒரு கல் யானையைக் கண்டே போர்த்துகீசியர் எலிபண்டா என்று பெயரிட்டனர். "அந்த யானை எங்கே?" என்றனர் குழந்தைகள். 1864-இல் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது அது உடைந்து போயிற்று. துண்டுகள் இன்று ராணி பாக் என்று நாம் சொல்லும் பைகுல்லாத் தோட்டத்தை அடைந்தன. 1914-இல் மீண்டும் பொருத்தி நிறுத்தப்பட்டன. மூன்றாம் ஞாயிறு அங்கே சென்றோம். தந்தையார் அந்த யானையை நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "இதுவும் நம்ம ஆட்களைப் போலத்தான். ஊரை விட்டுக் கிளம்பி, உடைந்து, ஒட்டுப்போட்டு நிற்கிறது" என்றார்.

அன்றிரவு, அடுத்த வாரம் எங்கே செல்லலாம் என்று கேட்டேன். கடற்பாலம் என்றோ மலைத்தோட்டம் என்றோ சொல்வாரென எதிர்பார்த்தேன். "தாராவி" என்றார். பின்பு மெல்லச் சொன்னார்: "உன் தாத்தா அங்கே தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். 1961-இல் தந்தி வந்தது. யாரும் வர வழியில்லை. அவருடைய மணியார்டர் தாளில் இருந்த ஊர்ப் பெயரைத்தான் நான் பார்த்திருக்கிறேன்." தாத்தா மும்பையில் இறந்தார் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். "இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை, அப்பா?" என்றேன். "நீ கேட்கவில்லையே, ஐயா" என்றார்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தாராவியில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. நெல்லைச் சீமையிலிருந்து ஏழை மக்கள் பலர் அவ்வேலைக்கு வந்தனர். பாந்திராவிலிருந்த இறைச்சிக்கூடம் 1971-இல் தேவனாருக்குப் பெயர்ந்தது. காலப்போக்கில் பதனிடும் தொழிலும் பெரும்பாலும் அகன்றது. தோற்பை தைக்கும் பட்டறைகளே எஞ்சின. நான்காம் ஞாயிறு சந்து சந்தாக விசாரித்தோம். முதியவர் ஒருவர் காட்டிய இடத்தில் இன்று மாடிக் கட்டடமொன்றில் துணி தைக்கிறார்கள். தந்தையார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஒரு பிடி மண் எடுத்துச் செல்ல விரும்பினார். எங்கும் சிமெண்டுத் தளம். எதிர்வீட்டு அம்மையார் எங்கள் பேச்சைக் கேட்டு, "எந்த ஊரு?" என்று விசாரித்துத் தேநீர் கொடுத்தார். அந்த வீட்டுப் படியில் அமர்ந்து, தம் தந்தையைப் பற்றி அவர் என் குழந்தைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். நானும் அன்றுதான் கேட்டேன்.

அதன்பின் அவர் ஊருக்குச் சீட்டுக் கேட்கவில்லை. மூன்று திங்களும் இருந்துவிட்டே சென்றார். தமிழ் எழுதத் தயங்கிய என் மகள் இன்று தாத்தாவுக்குத் தமிழில் கடிதம் எழுதுகிறாள். பிழை மிகுதிதான், ஆயினும் எழுதுகிறாள்.

அன்பர்களே, பெற்றோரை வரவழைத்துச் சோறிடுவதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. ஞாயிறுகளை அவர்களுக்கென ஒதுக்குங்கள். எலிபண்டாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை; மழைக்காலத்தையும் தவிர்த்துவிடுங்கள். எங்கே அழைத்துச் செல்வது என்று நீங்களே முடிவு செய்யுமுன், அவர்கள் எதைக் காண விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். முதல் ஞாயிறே நான் கேட்டிருக்க வேண்டும்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். தாராவி மறுசீரமைப்புக்காக 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுக்கும் பணி தொடங்கிற்று. சந்துகள் மாறும்; வழிகாட்டும் முதியவர்களும் என்றும் இரார். நம் முன்னோர் எங்கே உழைத்தனர், எங்கே வாழ்ந்தனர் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வைக்கச் சங்கம் முன்வர வேண்டும். அப்பணிக்கு என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தரக் காத்திருக்கிறேன்.