யாரும் வாசிக்காத கணக்கு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

சற்று முன்பு செயலாளர் அவர்கள் ஆண்டு வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். பள்ளிவாசலின் மின்கட்டணம் சென்ற ஆண்டைவிட ஏன் கூடியிருக்கிறது என்று பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டார்கள். செயலாளர் அவர்கள் இரசீதுகளை எடுத்துக் காட்டி விளக்கம் தந்தார்கள். பெரியவரும் மனநிறைவோடு அமர்ந்தார்கள். கேட்டவர் நிர்வாகத்துக்கு எதிரியாகிவிடவில்லை; பதில் சொன்னவர் குற்றவாளியாகிவிடவும் இல்லை. பொதுச் சொத்து என்பது அமானிதம். அமானிதம் இருக்கும் இடத்தில் கணக்குக் கேட்பவரும் இருந்தே ஆக வேண்டும்.

அந்த மின்கட்டணத்திலிருந்தே நமது உரையைத் தொடங்குவோம். தொகையை நாம் சரிபார்த்துவிட்டோம். ஆனால் அந்த மின்சாரத்துக்காக வேறோர் ஊரில் செலவாகும் தண்ணீருக்கும் மண்ணுக்கும் யார் கணக்கு வாசிக்கிறார்கள்?

நமது வீடுகளுக்கு மன்னார்புரம் துணை மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வருகிறது. அந்த நிலையத்தை நாடு முழுவதற்குமான மின்தொகுப்போடு கம்பிகள் இணைக்கின்றன. காற்றாலை, நீர்மின், சூரியமின், அனல்மின் ஆகிய எல்லாம் அத்தொகுப்பில் கலந்துள்ளன. கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுத்து எரிப்பதால் கிடைக்கும் மின்சாரமும் அதில் ஒரு பங்கு. நாம் பள்ளியில் மின்விசிறியைச் சுழலவிடும்போது நெய்வேலி மண்ணும் அதில் ஓரளவு கலந்தே வருகிறது.

மின்சாரம் அங்கிருந்து இங்கே வருவதுபோல, தண்ணீர் இங்கிருந்து அங்கே போகிறது. நமது முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் கீழணையை அடைகிறது. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குச் செல்கிறது. அந்த ஏரியின் பக்கத்தில்தான் லால்பேட்டை இருக்கிறது. 1990களில் நாம் ஓதிய ஊர் அது. விடுமுறை முடிந்து திருச்சியிலிருந்து ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி வழியாகப் பேருந்தில் திரும்பும்போது, ஜெயங்கொண்டத்தில் நிலக்கரிச் சுரங்கம் வரப்போகிறது, நிலத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பயணிகள் பேசிக்கொள்வார்கள். நாமோ மடியில் கிதாபை விரித்து வைத்துப் பாடத்தை மனனம் செய்துகொண்டிருப்போம். வெளியே நடப்பது வேறு, கிதாபில் இருப்பது வேறு என்றே அன்று எண்ணினோம். அது நமது அறியாமை.

ஏனெனில் ஃபிக்ஹு நூல்களில் தரிசு நிலத்தைப் பண்படுத்துவது பற்றிய ‘இஹ்யாவுல் மவாத்’ பாடத்தில், கிணற்றின் ‘ஹரீம்’ பற்றி நாம் ஓதியிருந்தோம். ஒருவர் கிணறு தோண்டினால் அதைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட எல்லை அக்கிணற்றுக்கு உரியதாகிவிடும். அந்த எல்லைக்குள் இன்னொருவர் தோண்டி முதல் கிணற்றின் நீரைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதை மார்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பாலைவனத்தில் நாற்பது முழத்துக்கு இத்தனை கவனம் செலுத்திய மார்க்கம், பல கல் தொலைவுக்கு நிலத்தடி நீரை இழுக்கும் சுரங்கத்தைப் பற்றிப் பேசாமல் இருக்குமா?

நெய்வேலிச் சுரங்கம் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டும்போது வெளிப்பட்ட கரிய மண்ணே இதன் தொடக்கம். 1956இல் நிறுவனம் அமைக்கப்பட்டது. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அந்நிறுவனம் 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்கி வருகிறது. இது திறந்தவெளிச் சுரங்கம். மேலே உள்ள மண் முழுவதையும் இராட்சத இயந்திரங்களால் அகற்றிய பிறகே கரியை எடுக்க இயலும். கரிப்படுகைக்குக் கீழே மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிற்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளத்தையே அது பிளந்துவிடும். ஆகவே இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் விளைவாகச் சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டம் இறங்குகிறது.

ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று கற்றுத் தந்த நபியின் உம்மத்து நாம். தண்ணீர், மேய்ச்சல் நிலம், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பதும் அவர்களின் போதனையே. ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் அம்மூன்றும் ஒன்றாகச் சந்திக்கின்றன: தண்ணீர் இறைக்கப்படுகிறது, நிலம் தோண்டப்படுகிறது, நெருப்பு மூட்டப்படுகிறது. பங்காளிக்குக் கணக்குக் கேட்கும் ஹக்கு உண்டா, இல்லையா?

நன்மையை மறைத்துப் பேசுவது நீதியாகாது. நெய்வேலி பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. தமிழகத்துக்கு வெளிச்சம் தந்தது. அதே நேரத்தில் நடந்தவற்றை மறப்பதும் நீதியாகாது. 2023 ஜூலை இறுதியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை நாம் அனைவரும் கண்டோம். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று முடிவாயிற்று. அடுத்த மாதமே, பூவுலகின் நண்பர்கள் என்ற அமைப்பு மந்தன் அத்யயன் கேந்திரா என்ற அமைப்புடன் சேர்ந்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. நெய்வேலிச் சுற்றுவட்டார நீரில் பாதரசம் உள்ளிட்டவை அளவுக்கு மேல் இருப்பதாக அந்த அறிக்கை கூறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் மக்கள் குடித்த தண்ணீரை யாரோ சிலர் போத்தலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பிய பிறகே அது வழக்காயிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கேட்பார் சொல் ஏறாதபோது என்ன நேரும் என்பதற்கு உலகம் மறக்காத சான்று ஒன்று உண்டு. வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் மலைச்சரிவின் மேலே சுரங்கக் கழிவைக் குவித்து வந்தார்கள், கீழே பள்ளிக்கூடம். 1963ஆம் ஆண்டிலேயே உள்ளூர் மன்ற அலுவலர்கள் ஆபத்தைச் சுட்டி எழுதினார்கள். குவியல் அடியில் நீரூற்று இருந்தது. 1966 அக்டோபர் 21 அன்று காலை, பிள்ளைகள் வகுப்பில் இருந்த நேரத்தில் குவியல் சரிந்து இறங்கியது. 144 உயிர்கள் பறிபோயின. அவர்களில் 116 பேர் குழந்தைகள். அரசுக்குச் சொந்தமான நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று விசாரணை மன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. கழிவுக் குவியல்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1969இல்தான் வந்தது. பிள்ளைகளை அடக்கம் செய்த பின்னர் வந்த சட்டம்!

நமது நாட்டில் சட்டம் சில கதவுகளைத் திறந்தே வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கம் தொடங்குவதற்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாட்களுக்கு முன் நாளிதழில் அறிவிக்க வேண்டும். மதிப்பீட்டின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வைக்க வேண்டும். கூட்டத்தை முழுமையாக ஒளிப்பதிவு செய்ய வேண்டும். அனுமதி பெற்ற பிறகு, விதித்த நிபந்தனைகளை எவ்வாறு நிறைவேற்றினோம் என்று நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் அறிக்கை அளிக்க வேண்டும். அது பொது ஆவணம். கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்படும் மக்களுக்காக 2015இல் ஏற்பட்ட மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. கிராம சபை இருக்கிறது. இத்தனை கணக்கும் எழுதப்படுகிறது, வாசிக்கத்தான் ஆளில்லை. கேள்வி கேட்க யாரும் எழுந்திராத பொதுக்குழுவில் எந்தக் கணக்கும் நிறைவேறிவிடும் அல்லவா?

மக்கள் பேசினால் பலன் உண்டு என்பதற்கும் அண்மைச் சான்று இருக்கிறது. 2023 மார்ச் இறுதியில் மத்திய அரசு ஏலத்துக்கு அறிவித்த சுரங்கப் பகுதிகளில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, அரியலூர் மாவட்டத்தின் மைக்கேல்பட்டி, தஞ்சை மாவட்டத்தின் வடசேரி ஆகிய மூன்றும் இருந்தன. விவசாயிகள் எழுந்தார்கள், முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடின்றிக் குரல் எழுந்தது. ஏப்ரல் 8 அன்று மூன்றும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. 1995 வரை நமது திருச்சி மாவட்டத்தில் இருந்த ஜெயங்கொண்டம் பகுதியிலோ, 1990களில் தொடங்கிய நிலம் எடுப்பு சுரங்கமாகவும் மாறவில்லை, முழுமையாக விவசாயமாகவும் தொடரவில்லை. கால் நூற்றாண்டு கடந்த பிறகே நிலத்தைத் திருப்பித் தர மாநில அரசு முடிவெடுத்தது. ஒரு தலைமுறையின் காலம் அதற்குள் கரைந்து போயிற்று.

சகோதரர்களே! “இமாம் தொழ வைத்தால் போதாதா? நமது சமுதாயத்துக்கு உள்ள தொல்லைகள் போதாதா? இதிலும் ஏன் தலையிட வேண்டும்?” என்ற எண்ணம் சிலருடைய உள்ளத்தில் எழலாம். அந்த அச்சத்தை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமையை நினைத்துப் பாருங்கள். மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியிலேயே துளையிட முனைகிறார்கள். மேலே இருப்பவர்கள் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். இன்று நமது நிலையில் ஒரு வேறுபாடு உண்டு. இப்போது துளை விழுவது கீழ்த்தளத்தில். வெளிச்சம் எரிவது மேல்தளத்தில். அந்த வெளிச்சத்தில் அமர்ந்திருப்பவர்கள் நாம். ஆகவே நமது பொறுப்பு குறையவில்லை, கூடுகிறது.

இதற்கு நமது முன்னோர் வைத்த பெயர் ‘ஹிஸ்பா’. இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் தமது ‘அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா’ நூலில் இதற்கெனத் தனிப் பாடமே வகுத்துள்ளார்கள். ஹிஸ்பா என்ற சொல்லிலேயே கணக்கு என்ற பொருள் அடங்கியிருக்கிறது. அது பகைமை அன்று, சீர் பார்த்தல். வதந்தியைப் பரப்பினால் அது ஹிஸ்பா ஆகாது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை. சுரங்கத்தில் உழைப்பவரும் நமது சகோதரரே. அவருடைய மூச்சிலும் அந்தத் தூசியே கலக்கிறது.

ஆகவே இப்பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது: மஹல்லாவில் உள்ள ஓய்வுபெற்ற மின்வாரியத்தார், சட்டம் படிக்கும் பிள்ளைகள், அறிவியல் கற்ற நமது பெண்மக்கள் ஆகியோரில் ஐவர் கொண்ட ஒரு சிறு குழுவை அமையுங்கள். ஜூன், டிசம்பர் மாதங்களில் வெளிவரும் அறிக்கையைப் பெற்று, எளிய தமிழில் ஒரு பக்கமாக எழுதிப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் இவ்வாறே செய்யலாம்.

இரண்டாவது: லால்பேட்டை, சேத்தியாத்தோப்பு, ஜெயங்கொண்டம் பக்கங்களில் உறவினர் உள்ளவர்கள், அங்குள்ள ஜமாஅத்துகளோடும் கிராம மக்களோடும் தொடர்பு கொள்ளுங்கள். நாம் தலைமை தாங்கப் போகவில்லை. துணை நிற்கப் போகிறோம். ஒரே கிணறு, மாதந்தோறும் ஒரே நாள், ஒரு கயிறு, ஒரு நோட்டு: இவை போதும். நீர்மட்டத்தை அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டு கழித்து எந்த நீதிமன்றத்திலும் அந்த நோட்டு பேசும்.

மூன்றாவது: நமது பள்ளியின் மின்செலவைக் குறையுங்கள். தொழுகை முடிந்ததும் ஆளில்லாத பகுதியில் மின்விசிறி சுழல வேண்டியதில்லை. பிறரிடம் கணக்குக் கேட்பவர் தமது கணக்கை முதலில் சரிசெய்ய வேண்டும்.

இங்கே நாம் இரசீதைக் காட்டிக் கணக்கை முடித்துவிடலாம். மறுமையில், நாம் அனுபவித்த அருட்கொடைகளைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்பது நமது ஈமான். அந்த நாளில் மின்விசிறியின் காற்றும் ஓர் அருட்கொடையாக முன்னே வந்து நிற்கும். யாருடைய கிணறு வற்றியதால் அது கிடைத்தது என்று கேட்டால், தெரியாது என்று சொல்லித் தப்ப இயலாது. இன்று முதல் நமக்குத் தெரியும்.

தெரிந்ததைக் கொண்டு அமல் செய்யும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. வளையமாதேவியின் வயல்களுக்கும் வீராணத்தின் தண்ணீருக்கும் நமது காவிரிக்கும் பரக்கத் செய்வானாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.