மூன்று மொழிப் படிக்கட்டில் நம் பிள்ளைகள்

(லூமுட்டில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ‘உயர்கல்வியில் எந்த மொழி?’ என்னும் தலைப்பில் ஓய்வுபெற்ற தொழில்நுட்பக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த லூமுட் கடற்கரைக்கு எதிரே இருப்பது பங்கோர் தீவு. 1874-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் அத்தீவையொட்டிய கடலில், ஒரு கப்பலில்தான் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. பேராக் மாநிலத்தின் தலையெழுத்தை மாற்றிய அந்த ஆவணம் ஆங்கிலம், மலாய் என இரு மொழிகளில் எழுதப்பட்டது. ஆங்கிலேய அதிகாரியின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. ஆலோசனை என்றால் கேட்டுக்கொள்ளலாம், விட்டும் விடலாம் என்று மலாய்த் தலைவர்கள் நினைத்தார்கள். கேட்டே தீர வேண்டும் என்று ஆங்கிலேயர் நினைத்தார்கள். மறு ஆண்டே பாசிர் சாலாக்கில் அந்த அதிகாரி பெர்ச் கொல்லப்பட்டார். அதற்குக் காரணங்கள் பல. ஒரே சொல்லை இரு தரப்பும் இரு விதமாகப் புரிந்துகொண்டது அவற்றுள் ஒன்று.

இதை நான் ஏன் சொல்கிறேன்? விரிவுரையாளர் ஒரு மொழியில் பேசுகிறார். மாணவன் இன்னொரு மொழியில் யோசிக்கிறான். இருவரும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை யாரும் பார்ப்பதில்லை. உயர்கல்வியில் எந்த மொழி என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கிறோம். மாணவனுக்குப் புரிந்ததா என்ற கேள்வியை அந்த அளவுக்கு விவாதித்தோமா? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

நான் செய்த தவறு

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் இந்த வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா பால்மரம் வெட்டியவர். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு புகுமுக வகுப்பு, பிறகு மலாயில் இடைநிலைப்பள்ளி என்று ஏறி வந்தவன். ஆனால் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனதும், என் அறையில் தமிழுக்கு இடம் இல்லை என்று சட்டம் போட்டேன். பிள்ளைகள் ஆங்கிலம் பழகட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

ஒரு நாள் ஒரு மாணவி வந்து பாடத்தில் சந்தேகம் என்று தமிழில் கேட்டாள். “இங்கிலீஷ்ல கேளும்மா” என்றேன். அந்தப் பெண் சற்று நேரம் நின்றாள். “பரவாயில்லை சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு என் அறைக்கு வரவே இல்லை. அந்தப் பருவம் முடிந்ததும் கல்லூரிக்கும் வரவில்லை. அவள் படிப்பை விட்டதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அவள் என்னிடம் கேட்க வந்த கேள்வி என்ன என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. அது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து இன்னொரு மாணவன் வந்தான். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்துப் பையன். மூட்டையைக் கட்டிவிட்டான்.

“வீட்டுக்குப் போறேன் சார். இந்தப் படிப்பு எனக்கு வராது.”

கப்பல் ஏன் கவிழாமல் நிற்கிறது என்பதுதான் அவனுக்குப் பிடிபடாத பாடம். ஆங்கில வரையறையை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். பொருள் கேட்டால் விழித்தான். இந்த முறை நான் தமிழில் கேட்டேன்.

“சம்பான்ல போயிருக்கியா?”

“அப்பாகூட மீன் பிடிக்கப் போவேன் சார்.”

“நடுவுல எழுந்து நின்னா என்ன ஆகும்?”

“ஆடும் சார். கவுந்தாலும் கவுந்துடும்.”

“உக்காந்தா?”

“ஆடாது.”

“ஏன்?”

கொஞ்ச நேரம் யோசித்தான். “நின்னா வெயிட்டு மேல போயிடுது சார்” என்றான்.

பாடம் அவ்வளவுதான். தமிழில் அதை ஈர்ப்பு மையம் என்கிறோம். மலாயில் பூசாட் கிராவிட்டி. ஆங்கிலத்தில் சென்டர் ஆஃப் கிராவிட்டி. அது மேலே ஏற ஏறக் கப்பலின் நிலைத்தன்மை குறையும். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த விஷயம்தான். தெரிந்ததற்கும் பாடத்துக்கும் நடுவே ஒரு பாலம் இல்லை. அன்று அரை மணி நேரத்தில் அதே விளக்கத்தை அவனே ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினான். மூட்டையை அவிழ்த்துவிட்டான்.

கொள்கை மாறியது, சுமை யாருக்கு?

நம் நாட்டின் மொழிக் கொள்கையைக் குறை கூறுவதற்காக நான் இங்கு வரவில்லை. மலாய் மொழி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த வரலாறு நாம் பாடமாகக் கொள்ள வேண்டிய வரலாறு. 1956-இல் டேவான் பஹாசா டான் புஸ்தாகா தொடங்கப்பட்டது. 1967-இல் தேசிய மொழிச் சட்டம் வந்தது. 1970-இல் ஆங்கிலப் பள்ளிகள் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக மலாய்க்கு மாறத் தொடங்கின. அதே ஆண்டு மலாயைப் போதனா மொழியாகக் கொண்டு மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் உருவானது. 1983-இல் அந்த மாற்றம் பல்கலைக்கழக முதலாண்டை எட்டியது. அதற்காகக் கலைச்சொற்கள் லட்சக்கணக்கில் ஆக்கப்பட்டன. அறிவியலுக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட மொழி, திட்டமிட்ட உழைப்பால் ஒரு தலைமுறைக்குள் பட்டப்படிப்பு மொழியானது.

அதன் பிறகு காற்று மறுபுறம் வீசியது. 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக் கூடச் சட்டம், அமைச்சரின் அனுமதியோடு ஆங்கிலத்தில் கற்பிக்க வழிவிட்டது. 1999-இல் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு வந்தது. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. 2009-இல் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவிப்பு வந்தது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் என்ற பெயரில் ஆங்கிலம் மீண்டும் சில பள்ளிகளில் நுழைந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அது வேண்டுமா என்று நம் சமூகத்திலேயே காரசாரமான விவாதம் நடந்தது.

ஒவ்வொரு முடிவுக்கும் நியாயம் உண்டு. ஆனால் மாறியபோதெல்லாம் சுமந்தது யார்? வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு இது பெரிய சுமையல்ல. தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்குத்தான் சுமை. ஆறு ஆண்டு தமிழ், ஐந்து ஆண்டு மலாய், அதன் பிறகு ஆங்கிலம். ஒவ்வொரு படியிலும் அறிவை முதலிலிருந்து பெயர் மாற்றி எழுத வேண்டும். இதே லூமுட்டில் கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் கடல்சார் பொறியியல் கழகம் இருக்கிறது. அங்கே போதனா மொழி ஆங்கிலம். நம் வீட்டிலிருந்து பார்த்தால் கட்டடம் அருகில்தான். மொழியால் அளந்தால் மூன்று படிகள் ஏற வேண்டும்.

தமிழுக்கு என்ன இடம்?

மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது, 1956-இல் அங்கு இந்திய இயல் துறை தொடங்கியது. அதில் முதன்மை சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற கேள்வி எழுந்தது. தமிழுக்கே என்று குரல் கொடுத்தவர்களில் முன்னின்றவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டப்பட்டபோது சாதாரணத் தொழிலாளிகளும் தங்கள் காசைத் தந்தார்கள். பின்னர் கோலாலம்பூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றவர் தனிநாயகம் அடிகள். 1966-இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது அவர் முயற்சியால்தான். இன்று மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் தமிழ் படித்துப் பட்டம் பெறலாம்.

அங்கே தமிழ் ஒரு பாடம். மற்றத் துறைகளில் தமிழுக்கு எந்தப் பங்கும் இல்லை. அப்படியானால் பொறியியலைத் தமிழிலேயே கற்பிக்கலாமே என்று சிலர் கேட்கலாம். முடியாதது அல்ல. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களையும் தமிழில் ஆக்கினார். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழால் முடியும் என்பதற்கு இவை சான்று. ஆனால் மலேசியாவில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைக்கு மலாயும் ஆங்கிலமும் இன்றியமையாதவை. ஆகவே நான் தமிழ்வழிப் பல்கலைக்கழகம் கேட்கவில்லை. தமிழைச் சிந்திக்கும் மொழியாக வாசலுக்குள் விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது புதுமை அல்ல. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டவர் ஆங்கிலத்தில் படித்து வேல்ஸ் மொழியில் எழுதும் வகுப்பு முறையைக் கையாண்டார்கள். கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994-இல் அதற்கு ஒரு பெயரும் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவில், கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் குவாசூலு-நட்டால் பகுதியின் பல்கலைக்கழகம், 2014 முதல் புதிய மாணவர்கள் சூலு மொழியில் ஒரு பாடம் தேற வேண்டும் என்று விதித்தது. ஆங்கிலத்தை விட்டுவிடவில்லை. மண்ணின் மொழியையும் கூடவே வைத்துக்கொண்டார்கள்.

தமிழில் விளக்கினால் ஆங்கிலம் வராமல் போய்விடாதா என்று பெற்றோர் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். புரியாமல் மனப்பாடம் செய்த ஆங்கிலம் தேர்வோடு மறந்துவிடும். புரிந்த பிறகு கற்ற ஆங்கிலம் நிலைக்கும். ஆனால் தமிழில் புரிந்ததோடு நின்றுவிடக் கூடாது. மலாயிலும் ஆங்கிலத்திலும் அதைச் சொல்லிப் பார்த்தே தீர வேண்டும். பாலம் என்பது கடந்து போவதற்கு. அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவதற்கு அல்ல.

மூன்று வேண்டுகோள்

முதலாவது, கல்லூரிகளுக்கு. விரிவுரை எந்த மொழியிலும் இருக்கட்டும். குழுக் கலந்துரையாடலிலும் பட்டறையிலும் மாணவர்கள் தமிழிலோ சீனத்திலோ மலாயிலோ ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, படித்து முடித்த இளைஞர்களுக்கு. உங்கள் துறையின் அடிப்படைச் சொற்களை மலாய், ஆங்கிலம், தமிழ் என மூன்று பத்தியில் எழுதுங்கள். சொல்லுக்கு எதிரே சம்பான், பால் வாளி போன்ற நம் வாழ்க்கை உதாரணம் ஒன்றைச் சேருங்கள். டேவான் பஹாசா செய்த மலையளவு வேலையில் நம்மால் ஒரு கூடை மண்ணாவது சுமக்க முடியாதா?

மூன்றாவது, பெற்றோர்களுக்கு. பேராக்கில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் ஆறாம் வகுப்போடு தமிழை நிறுத்திவிட்டால் பாலத்தின் தூண் அங்கேயே ஒடிந்துவிடும். தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வழி செய்ய வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. கேட்பது நம் கடமை. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளில் தமிழை எடுக்கச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற பின் என் வீட்டு வரவேற்பறையில் சனிக்கிழமை தோறும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கூடுகிறார்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும் கேட்கலாம். மூட்டையை அவிழ்த்த அந்தப் பையன் இன்று கப்பல் பட்டறையில் பொறியாளர். விடுப்பில் ஊருக்கு வந்தால் அவனும் வந்து பாடம் சொல்லிக் கொடுக்கிறான். அன்று என் அறை வாசலில் நின்ற அந்தப் பெண் எங்கேயாவது இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவருக்கு ஒரு வார்த்தை. அம்மா, உன் கேள்வியை எந்த மொழியிலும் கேள். என் வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது.