பாடசாலை வாயிலில்

பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கொழும்பு, காலி வீதியை அண்டிய பாடசாலை வாயில் ஒன்றைப் பாருங்கள். மணி அடிக்குமுன்னரே மோட்டார் வண்டிகளும் வான்களும் முச்சக்கர வண்டிகளும் இரட்டை வரிசையாக நின்றுவிடுகின்றன. பாதசாரிக் கடவையின் மேலேயே ஒன்று நிற்கும். “இரண்டே நிமிடந்தான்” என்பார் உள்ளிருக்கும் தந்தையார். தம் பிள்ளை வெயிலில் வாடலாகாது என்னும் அவர் அன்பை யார் குறைகூறுவர்?

ஆனால், பஸ்ஸுக்கு நடந்துசெல்லும் பிள்ளைகளும் அதே வாயிலால்தான் வருகின்றனர். நடைபாதை அடைபட்டமையால் வண்டிகளுக்கிடையே நுழைந்து வீதியில் இறங்குகின்றனர். ஏழு வயதுப் பிள்ளையின் தலை வானுக்கு மேலே தெரியுமா? மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் கடந்துவிடும். பிள்ளையைக் கண்ட சாரதி பிறேக்கை மிதிப்பதற்கே ஏறக்குறைய அந்த ஒரு செக்கன் கழிந்துவிடும்.

மேல்நாடுகள் சிலவற்றில் பாடசாலை தொடங்கும் வேளையிலும் முடியும் வேளையிலும் வாயில் வீதியை வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். இத்தாலியின் பொல்சானோ நகரில் 1989ஆம் ஆண்டிலேயே இது தொடங்கியது. காலி வீதியை மூடுதல் நடவாத காரியம். பக்கத்து ஒழுங்கையில் இடம் பார்த்து வண்டியை நிறுத்தி, நூறு மீற்றர் நடந்துவந்து பிள்ளையைக் கைபிடித்து அழைத்துச் செல்லலாமே! புத்தகப் பையைத் தந்தையார் சுமக்கட்டும்.