பியானோவும் வயலினும்



தோட்டத்துக் காலத்தில் பியானோ என்றால் துரை பங்களாவுக்கு உரியது என்றே நம்மில் பலர் எண்ணியிருந்தோம். “அது வெள்ளைக்காரன் சங்கீதம், நமக்கு எதற்கு?” என்று இன்றும் சில பெற்றோர் கேட்பதுண்டு. அதற்கு விடை காண முயல்வோம்.

ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்தில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்டிருக்கிறோம். ஒன்று நீட்டி இசைக்கும். மற்றது தட்டி எழுப்பும். ஒன்றுக்கொன்று இடம் விடும். அதைக் கேட்டு ரசித்த காதுக்கு மொஸார்ட்டின் இசையும் எட்டும்.

1778-ஆம் ஆண்டில், தம் 22-ஆம் வயதில், மொஸார்ட் பியானோவுக்கும் வயலினுக்குமாக ஈ மைனர் சொனாட்டா ஒன்றை இயற்றினார். சொனாட்டா என்பது ஓரிரு கருவிகளுக்காக எழுதப்படும், சில பகுதிகள் கொண்ட இசை. அக்காலத்தில் இவ்வகைச் சொனாட்டாவில் பியானோவே தலைமை, வயலின் பக்கவாத்தியம்.

இந்தச் சொனாட்டாவின் முதற்பகுதியோ வேறுவிதமாகத் தொடங்குகிறது. இரு கருவிகளும் ஒரே மெட்டைச் சேர்ந்து இசைக்கின்றன. பெரியவர் யார், சிறியவர் யார் என்று சொல்ல முடியாது. அடுத்து வயலின் அம்மெட்டை ஏந்த, பியானோ கீழிருந்து தாங்குகிறது. பிறகு பொறுப்பு கைமாறுகிறது.

இந்தத் துணை ஏன் தேவை? பியானோவில் சிறு சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. பல சுரங்கள் ஒருங்கே எழும். ஆனால் எழுந்த ஒலி தேய்ந்துவிடும். வயலினில் வில் ஓடும்வரை ஒலி நிற்கும். ஒன்றன் குறையை மற்றது நிரப்புகிறது.

வயலினும் நமக்கு மேலைநாட்டிலிருந்து வந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைப் பயின்றார். இன்று வயலின் இல்லாத பாட்டுக் கச்சேரி அரிது. பாடகரின் ஆலாபனையை அது நிழல்போல் தொடரும். தன் முறை வந்ததும் தனித்துப் பேசும். இந்தச் சொனாட்டாவை மொஸார்ட் எழுதி வைத்தார். நம்மவர் பெரும்பகுதியை மேடையிலேயே கற்பனை செய்கிறார்கள். வேறுபாடு அதுதான்.

ரப்பர்த் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. நம் பிள்ளைகள் பட்டணத்தில் வளர்கிறார்கள். பியானோ ஒலி கேட்டு, “நமக்கு உரியதல்ல” என்று ஒதுங்கும் பிள்ளை வேறு பல வாசல்களிலும் அப்படியே ஒதுங்கி நிற்கும். நாம் அஞ்ச வேண்டியது அதற்குத்தான்.

பெற்றோர்களே, அடுத்த முறை இவ்விசை ஒலிக்கும்போது வானொலியை அணைத்துவிடாதீர்கள். பிள்ளையை அருகில் அழைத்து, “இப்போது பேசுவது யார், தாங்குவது யார்?” என்று கேளுங்கள். விடையை அதுவே கண்டு சொல்லும்.