இரண்டாவது சாவி

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வங்கி கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். எதிரே வரிசை நின்றால் சுருக்கமாகப் பேசித்தான் பழக்கம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைய நான்காவது தீர்மானம், லாரித் தண்ணீர் பற்றியது. இப்போது இரண்டு மூன்று பேரிடம் மாற்றி மாற்றி வாங்குகிறோம். அதில் ஒருவர், ஒரு வருடத்துக்கு மொத்த ஆர்டரையும் தனக்கே கொடுத்தால் லோடுக்கு 100 ரூபாய் குறைப்பதாகச் சொல்கிறார். நமது பொருளாளர் தம்பி பலமுறை பேசி வாங்கிய விலை இது. கோடையில் மாதம் 40 லோடு வருகிறது. 4,000 ரூபாய் மிச்சம். 48 வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 83 ரூபாய். தம்பியின் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

2017-ல் பொருளாளராக இருந்த நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். என்ன நடந்தது என்று பழைய குடித்தனக்காரர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்போதும் ஒரே ஆளிடம்தான் வாங்கினோம். நல்ல மனிதர், அளவு குறைக்க மாட்டார், மாதக் கடைசியில் பணம் வாங்கிக்கொள்வார். ஏப்ரல் மாதம் ஒருநாள் காலை வாட்ச்மேன் வந்து, “சார், சம்ப்புல தண்ணி முழங்காலுக்குத்தான் கிடக்கு, ராத்திரி வண்டி வரல” என்றார். போன் போட்டேன். “இந்தா வந்துரும்ணே, சாயங்காலத்துக்குள்ள நாலு லோடு அடிச்சுவிட்டுர்றேன்” என்றார். சாயங்காலமும் அதே பதில். மறுநாள்தான் உண்மையைச் சொன்னார். அவர் தண்ணீர் எடுக்கும் கிணறு ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் இருந்தது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்கிப்போக, ஊர்க்காரர்கள் லாரியை மறித்துவிட்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேறு லாரிக்காரர்களைத் தேடிப் போனேன். முதல் ஆள், “இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு லோடாவது எடுத்திருக்கீங்களா சார்? பழைய ஆளுகளுக்குக் கொடுக்கவே இங்க பத்தல” என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது ஆள் முன்பணம் வாங்கிக்கொண்டார். வண்டி வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அவரும் அதே கிணற்றில்தான் நிரப்பிக்கொண்டிருந்தார்! மூன்றாவது ஆள் இரட்டை விலை கேட்டார். கொடுத்தோம். மூன்றாம் நாள் இரவு பதினோரு மணிக்குத்தான் முதல் லோடு வந்தது.

அந்த மூன்று நாளில், கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனார். நான்காவது மாடியில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார். அவர் மகள் மாடிப்படியில் என்னைப் பார்த்து, “உங்களக் குறை சொல்லல சார். ஆனா அப்பாவத் துடைச்சுவிடக்கூட வீட்டுல தண்ணி இல்ல” என்றார். லோடுக்கு 50 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்த பொருளாளரிடம் அதற்குப் பதில் இல்லை.

பிறகு யோசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஏனென்றால் இதற்கான பாடத்தை வங்கியில் தினமும் கண்ணால் பார்த்தவன் நான்.

வங்கியின் பெட்டக அறையை ஒரே ஆள் திறக்க முடியாது. இரண்டு பேர் கையில் இரண்டு சாவி. அது திருட்டுக்கு. சாவி தொலைந்தால் என்ன செய்வது? அதற்கு டூப்ளிகேட் சாவி உண்டு. அதை அதே கட்டடத்தில் வைக்க மாட்டார்கள், முத்திரையிட்டு வேறொரு கிளையில் வைப்பார்கள். அதோடு விடுவதும் இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அந்தச் சாவியை வரவழைத்துப் புழக்கத்தில் விட்டு, இதை அங்கே அனுப்புவார்கள். பூட்டுக்குள் திரும்பிப் பார்க்காத சாவியை நம்ப முடியாதே!

இரண்டாவது சாவி வேண்டும். அது வேறு இடத்தில் இருக்க வேண்டும். அவ்வப்போது உபயோகத்தில் இருக்க வேண்டும். 2017-ல் எனக்கு மூன்றுமே இல்லை. முதல் லாரிக்காரரை நான் உபயோகத்தில் வைத்திருக்கவில்லை. இரண்டாவது லாரிக்காரர் வேறு இடத்தில் இல்லை.

நம் மதுரையின் கதையும் இதுதான். வைகைப் படுகை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம் இருக்கிறது. பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே ஆறு ஓடியது. அந்த ஒரு மழை ஏமாற்றினால் ஊருக்கே பஞ்சம். மலைக்கு அந்தப் பக்கமோ தென்மேற்குப் பருவமழை கொட்டும், பெரியாறு மேற்கே கடலுக்குப் போகும். பென்னிகுவிக் தலைமையில் கட்டி 1895-ல் முடித்த முல்லைப் பெரியாறு அணை, அந்தத் தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பிவிட்டது. அதாவது, வேறு பருவம், வேறு மலைச்சரிவு, வேறு மழை. மதுரைக்கு இரண்டாவது சாவி கிடைத்தது அன்றைக்குத்தான். 1959-ல் வைகை அணை வந்தபோது இரண்டு தண்ணீரையும் சேர்த்துத் தேக்கும் இடமும் கிடைத்தது.

ஆனால் 2016-ல் தென்மேற்கும் குறைந்தது, வடகிழக்கும் பொய்த்தது. 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் விட்டதைச் சொல்லி இன்றும் சிரிக்கிறோம். மிச்சம் இருக்கும் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அட்டை விரிக்கும் நிலைக்கு ஊர் போய்விட்டதே என்று நினைத்தால் சிரிப்பு வராது. இப்போது லோயர் கேம்ப்பிலிருந்து நேராகக் குழாயில் மதுரைக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம், வழியில் ஆற்று மணலில் வீணாவது மிச்சம். ஆனால் அதுவும் பெரியாற்றுத் தண்ணீர்தான். குழாய் புதிது, மழை பழையது. எனவே கார்ப்பரேஷன் பார்த்துக்கொள்ளும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

வெளிநாட்டுக் கம்பெனிகள் மட்டும் கெட்டிக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவில் அல்புகர்க்கி என்ற ஊரில் பிலிப்ஸ் கம்பெனியின் சிப் ஆலையில், மின்னல் தாக்கியதால் ஒரு தீ. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் புகையும் தண்ணீரும் தூசியே கூடாத அறைகளைப் பாழாக்கிவிட்டன. அப்போது செல்போன் செய்துவந்த நோக்கியா, எரிக்சன் இரண்டுமே அங்கே சிப் வாங்கியவை. ‘ஒரு வாரம்தான் தாமதம்’ என்று இருவருக்கும் ஒரே பதில் போனது. நோக்கியா அதை நம்பி உட்காராமல் தினமும் விசாரித்தது, நிலைமை மோசம் என்று தெரிந்ததும் வேறு ஆலைகளில் சிப் ஏற்பாடு செய்தது. எரிக்சனுக்குச் சில சிப்புகளுக்கு வேறு ஆளே இல்லை. ஏறத்தாழ 40 கோடி டாலர் விற்பனை போனது. மறு வருடம் தன் செல்போன் தொழிலை சோனியோடு கூட்டாக்கிக்கொண்டது.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த ‘ஒரு வாரம்’. அது நம்ம ஊர் ‘இந்தா வந்துரும்ணே’ தான். சொன்னவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவரும் சரியாகிவிடும் என்று நம்பித்தான் சொல்கிறார். நாம்தான் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, ஒரு கணக்கு. நமக்கு ஒரு நாளைக்கு சுமார் 20,000 லிட்டர் வேண்டும். போர் 4,000 லிட்டர் கொடுக்கிறது. மீதி 16,000 லாரி. சம்ப் 40,000 லிட்டர். நிரம்பி இருந்தால் இரண்டரை நாள் தாங்கும். புது ஆளைப் பிடிக்க 2017-ல் மூன்று நாள் ஆனது. இந்த அரை நாள்தான் நம் ஆபத்து. சம்ப் காலியாகும்போது லாரியைக் கூப்பிட்டால் அது மூன்று நாளாகிவிடும். பாதிக்கு இறங்கும்போதே கூப்பிட வேண்டும்.

இரண்டாவது, ஆர்டரை 70-க்கு 30 என்று பிரிப்போம். 28 லோடு குறைந்த விலைக்காரருக்கு, 12 லோடு இன்னொருவருக்கு. அந்த 12 லோடுக்குத் தள்ளுபடி கிடைக்காது. 1,200 ரூபாய் போகும், வீட்டுக்கு 25 ரூபாய். இதைச் செலவாக நினைக்காமல் பிரீமியமாக நினையுங்கள். 28 லோடுக்கு 100 ரூபாய் குறைக்க முடியாது என்று அவர் சொன்னால், 50 ரூபாயாவது கேட்டு வாங்குவோம்.

மூன்றாவது, இருவரும் எந்தக் கிணற்றில் நிரப்புகிறார்கள் என்று கமிட்டியிலிருந்து இரண்டு பேர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒன்று ஊருக்கு வடக்கே என்றால் மற்றது தெற்கே இருக்கட்டும். அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் சம்மதமா என்பதையும் கேட்டுவிட்டு வர வேண்டும்.

நான்காவது, மழைநீர் சேகரிப்பு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். நம்மிடமும் தொட்டி இருக்கிறது. போன வாரம் மூடியைத் தூக்கிப் பார்த்தேன், வேப்பிலையும் பிளாஸ்டிக் கவரும்தான் சேகரமாகி இருக்கிறது. புரட்டாசிக்குள் சுத்தம் செய்தால் நம் போருக்கே கைகொடுக்கும். லோடுக்குப் பணம் கேட்காத சப்ளையர் அது ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் இரண்டு ஆள் வைக்க முடியாது, வேண்டியதும் இல்லை. லிஃப்டுக்கு ஒரு கம்பெனிதான். அங்கே எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவோம். நம் பிளம்பர் ஒருவருக்கு மட்டும்தான் எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்று தெரியும். அவர் ஊருக்குப் போனால் திண்டாடுகிறோம். அவரை வைத்தே ஒவ்வொரு வால்வுக்கும் பெயின்டில் வீட்டு நம்பர் எழுதிவிடுவோம். அரை நாள் வேலை.

கடைசியாக ஒன்று. ஒரே ஆளிடம் வாங்கக் கூடாது என்பதற்கு, அந்த ஆளை நம்பக் கூடாது என்று அர்த்தம் இல்லை. அன்று நம்மைக் கைவிட்டதாகத் திட்டு வாங்கிய அந்த லாரிக்காரர், லாரி நின்ற நாட்களில் தவணை கட்ட முடியாமல் எவ்வளவு அவதிப்பட்டார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அவருக்கும் ஒரே கிணறுதான் இருந்தது. நாம் சுமத்திய முழுப் பாரத்தையும் அவர் ஒருவரே சுமந்தார்.

தீர்மானத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ‘முழு ஆர்டரும்’ என்பதை ‘எழுபது சதவீதம்’ என்று திருத்தி நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் தம்பி பேசி வாங்கிய விலையில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். நான்காவது மாடிக்காரர்களுக்கும் பதில் சொல்ல முடியும்.